நாய்க்குச் சாமான் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இதை எப்படிக் கழுவுவது?

(காட்சி: தண்ணீர்க் கிண்ணத்தின் உட்புறம், மிக அருகில். ஒரு விரல் அதன் சுவரைத் தேய்த்துக்கொண்டே போகிறது.)

உங்கள் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுங்கள். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்பக்கச் சுவரில் விரலை வைத்து ஒரு இழு இழுங்கள். கொழகொழவென்று வழுக்குகிறதா? பார்வைக்குத் தண்ணீர் பளிச்சென்றுதான் இருந்திருக்கும். நாயின் எச்சில் என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் அதில் பெரும்பங்கு பாக்டீரியாக்கள். கூட்டமாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றிப் பசை போல ஒன்றைச் சுரந்து, கிண்ணத்தில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படலம் அது. தண்ணீரை மாற்றினால் போகாது, சும்மா அலசினாலும் போகாது, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால்தான் போகும்.

2011இல் என்எஸ்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு, வீட்டில் எந்தப் பொருளில் கிருமி அதிகம் என்று சோதித்துப் பார்த்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு, சமையலறைத் தொட்டி, டூத்பிரஷ் ஸ்டாண்டு, அதற்கடுத்த நான்காம் இடம் செல்லப்பிராணிகளின் கிண்ணத்துக்கு! 2022இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டபோது, கிண்ணத்தைத் தினமும் கழுவுகிறோம் என்றவர்கள் சுமார் 12 சதவீதம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது கழுவுவதே இல்லை என்று சொன்னவர்கள் அதைவிட அதிகம்.

அதனால் இந்த வீடியோவில் எந்தப் பிராண்டு நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இதைத் தினமும் கழுவ முடியுமா, நான் உண்மையிலேயே கழுவுவேனா என்று மட்டும் கேட்கப் போகிறோம். இந்தக் கேள்வியிலேயே பாதிச் சாமான் கழன்றுவிடும், பாருங்கள்.

(காட்சி: மேசையில் மூன்று கிண்ணங்கள். பிளாஸ்டிக், பீங்கான், எவர்சில்வர்.)

முதலில் கிண்ணம். பிளாஸ்டிக் லேசானது, எங்கும் கிடைக்கும், நிறம் நிறமாக இருக்கும். ஆனால் நாய் அதைக் கடிக்கும், நகத்தால் பிராண்டும், நாமும் தேய்த்துத் தேய்த்துக் கீறல் போடுவோம். அந்தக் கீறலுக்குள் போய் ஒளிந்துகொள்கிற அழுக்கை எந்த நாராலும் எடுக்க முடியாது. சில நாய்களுக்குப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தின்று தின்று தாடையிலும் உதட்டோரத்திலும் சிவந்து பொரிப்பொரியாக வருவதும் உண்டு. பீங்கான் கனமானது, நாய் தள்ளிக்கொண்டே போகாது, அதனால் எனக்குப் பிடிக்கும்; மேல்பூச்சில் ஈயம் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும், விளிம்பில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்தாலும், மயிரிழை விரிசல் விட்டாலும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எவர்சில்வருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கொதிநீர் ஊற்றலாம், பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாம், கீழே விழுந்தாலும் நசுங்குமே தவிர உடையாது.

ஆனால் எவர்சில்வரிலும் கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விளிம்பை மடித்திருக்கும் இடத்தில் இடுக்கு இருக்கிறதா? உள்ளே தண்ணீர் போய்க் கறுப்பாகப் படிவது அங்கேதான். அடியில் வழுக்காமல் இருக்க ரப்பர் வளையம் இருந்தால் அது தனியாகக் கழல வேண்டும், ஒட்டிவிட்டிருந்தால் வளையத்துக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒரு செட் கழுவிக் காயும்போது இன்னொன்று தரையில் இருக்கும், கழுவச் சோம்பல் வராது.

வடிவம் நாயின் முகத்தைப் பொறுத்தது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு ஆழமான கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தால் மூச்சு வாங்கும், அகலமான ஆழமில்லாத தட்டுதான் சரி. காக்கர் ஸ்பேனியல் மாதிரி காது தொங்கும் நாய்க்கு நேர் எதிராக, வாய் குறுகி அடி அகன்ற கிண்ணம் வேண்டும், மூக்கு உள்ளே போகும், காது வெளியே தொங்கும். இல்லாவிட்டால் சாப்பாடு முடிந்ததும் காதைக் கழுவுவது உங்கள் வேலை.

(காட்சி: மர ஸ்டாண்டின் மேல் உயரமாக வைத்த இரட்டைக் கிண்ணம்.)

இந்த ஸ்டாண்டு பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், படம் எடுத்துப் போட்டால் லைக் குவியும். பெரிய நாய்களுக்கு வயிறு உப்பாமல் இருக்க உயரத்தில் வைத்துக் கொடுங்கள் என்று ஒரு காலத்தில் அறிவுரையே சொல்லி வந்தார்கள். 2000இல் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய, மிகப் பெரிய இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாக வந்தது. உயரத்தில் வைத்துச் சாப்பிட்ட நாய்களுக்குத்தான் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகமாக இருந்தது. அந்த முறுக்கல் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடக்கூடியது. உயரம்தான் காரணம் என்று ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, சரி, ஆனால் அழகுக்காக அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்? கழுத்து மூட்டு வலியோடு குனிய முடியாத வயதான நாய், உணவுக்குழாய் விரிந்துபோன நாய், இவற்றுக்கு மருத்துவர் சொன்னால் ஸ்டாண்டு வாங்குங்கள். மற்றபடி தரையே போதும்.

லபக் லபக்கென்று விழுங்குகிற நாய்க்கு மேடும் பள்ளமுமாகச் சுழல் வைத்த கிண்ணம் விற்கிறார்கள். நிஜமாகவே வேகம் குறையும். ஆனால் நம் கேள்வியைக் கேளுங்கள். அந்தச் சுழலின் அடிமூலையில் உங்கள் விரல் போகிறதா? போகவில்லை என்றால் அங்கே போன ஈர உணவும் வெளியே வராது. மேடுகள் உருண்டையாக, இடைவெளி அகலமாக இருப்பதைத் தேடுங்கள். உலர் உணவுதான் என்றால் ஒரு பெரிய தட்டில் பரப்பிப் போடுங்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் தின்ன வேண்டும், செலவே இல்லை.

(காட்சி: சமையலறைத் தராசு. அதன் மேல் வெறுங்கிண்ணம், பொத்தானை அழுத்தியதும் எண் பூஜ்ஜியமாகிறது.)

எல்லாரும் கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்க மணிக்கணக்கில் பார்ப்பார்கள், உணவை மட்டும் கையில் கிடைத்த கப்பில் அள்ளிப் போடுவார்கள். என்னைக் கேட்டால் நாய்க்கு வாங்க வேண்டிய முதல் சாமான் கிராம் காட்டும் தராசு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 2019இல் ஒரு சோதனை செய்தது. நாய் வளர்ப்பவர்களைக் கூப்பிட்டு, அளவுக் கப்பைக் கொடுத்து, இவ்வளவு உலர் உணவு அளந்து போடுங்கள் என்றது. ஒருவர் போட்டது வேண்டியதில் கிட்டத்தட்ட பாதிதான், இன்னொருவர் போட்டது இரண்டரை மடங்கு. துல்லியமாகச் சொன்னால் 48 சதவீதம் குறைவில் தொடங்கி 152 சதவீதம் அதிகம் வரை. அதிலும் சின்ன அளவுகளில்தான் தவறு கூடுதல், அதாவது சின்ன நாய்களின் பாடுதான் திண்டாட்டம்.

இதிலெல்லாம் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று தோன்றும். 2002இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில் 48 லேப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். ஒல்லியாக வைக்கப்பட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் தள்ளித்தான் போனது. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! எந்தக் கிண்ணமும் இதைத் தராது. கிண்ணத்தைத் தராசின் மேல் வையுங்கள், பூஜ்ஜியமாக்குங்கள், உணவைக் கொட்டுங்கள், அவ்வளவுதான் வேலை.

(காட்சி: பெரிய டப்பாவுக்குள் மடித்து வைத்த உணவுப் பை.)

உணவு வைக்கும் டப்பா வாங்கியதும் பலரும் பையைக் கிழித்து உள்ளே கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள், பையோடு இறக்கி வையுங்கள். உலர் உணவின் மேல் கொழுப்பு தடவியிருக்கும், அது டப்பாச் சுவரில் ஒட்டிக் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், அடுத்த மாதம் புது உணவைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து கெடும். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வந்தால் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டிய நேரம். இன்னொரு காரணமும் இருக்கிறது: ஏதாவது ஒரு தொகுப்பில் கோளாறு என்று நிறுவனம் திரும்பப் பெற்றால், உங்களிடம் இருப்பது அதுதானா என்று பார்க்கத் தேவையான தொகுப்பு எண் பையில்தான் அச்சிட்டிருக்கும். டப்பா இருக்கும் இடம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. காலிப் பையை அப்படியே குப்பையில் போடாமல் இரண்டாக வெட்டிப் போடுங்கள். மிச்சத் தூளுக்காகத் தலையை உள்ளே விட்டு, பை முகத்தோடு ஒட்டிக்கொண்டு மூச்சடைத்து இறந்த நாய்கள் உண்டு. சிப்ஸ் பைக்கும் இதேதான்.

தானாக உணவு போடும் கருவி வாங்குகிறீர்களா, பேட்டரியிலும் ஓடுமா, இணையம் போனாலும் நேரம் தவறாமல் போடுமா என்று கேளுங்கள். 2020இல் ஒரு நிறுவனத்தின் சர்வர் ஒரு வாரம்போல படுத்துவிட்டது, இணையத்தை நம்பியிருந்த கருவிகள் திண்டாடின. பம்பு வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு நாய்க்குக் குடிக்கக் கொடுக்கும் நீரூற்று அழகுதான், ஆனால் பம்பைக் கழற்றி உள்ளே சுற்றியிருக்கும் முடியை எடுக்கப் பொறுமை உண்டா?

உணவை உள்ளே அடைத்துக் கொடுக்கும் ரப்பர் பொம்மைகளில் இரண்டு பக்கமும் துளை இருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒரே துளை என்றால் உள்ளே காற்று இழுபட்டு நாக்கு மாட்டிக்கொள்ளலாம். இரண்டு துளை இருந்தால் நீளமான பிரஷை விட்டுக் கழுவவும் முடியும். உள்ளே தடவும் நிலக்கடலை வெண்ணெயின் சீட்டில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் தொடவே கூடாது, நாய்க்கு அது விஷம், ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.

(காட்சி: படுக்கையின் ஜிப் திறக்கிறது. உறை தனியே, உள்ளே மெத்தை தனியே.)

படுக்கையில் பார்க்க வேண்டியது ஜிப். உறை முழுசாகக் கழல வேண்டும், அதற்குள்ளே தண்ணீர் இறங்காத இன்னொரு உறை இருக்க வேண்டும், இரண்டும் இருந்தால் நாய் மூத்திரம் பெய்தாலும் மெத்தை தப்பிக்கும். நீட்டிப் படுக்கும் நாயா, சுருண்டு படுக்கும் நாயா என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு, மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து வாங்குங்கள். கனமான நாய் கட்டாந்தரையிலேயே படுத்தால் முழங்கையில் தோல் காய்த்துப்போகும், அதற்குத் தடிமனான ஃபோம் வேண்டும். கையால் அழுத்தும்போது தரை தட்டுப்படக் கூடாது. எல்லாவற்றையும் கடித்துக் குதறும் வயதில் இருக்கும் குட்டிக்கு விலை உயர்ந்த மெத்தை வேண்டாம், பழைய போர்வை போதும்.

கூண்டு என்றால் நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். கம்பிக் கூண்டுக்குள் விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகும். மாடிப்படியின் மேல்பக்கத்துக்குத் தடுப்புக் கதவு வாங்கினால் சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டுவதைத்தான் வாங்க வேண்டும், சும்மா அழுத்தி நிறுத்துவது நாய் பாய்ந்தால் அதோடு சேர்ந்து கீழே போகும். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியை நாயும் மிதிக்கும்.

கடைசியாக மூத்திரக் கறை. அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், மூத்திரத்திலும் அம்மோனியா உண்டு, அந்த வாடை நாயைத் திரும்ப அதே இடத்துக்குக் கூப்பிடும். ப்ளீச்சை மூத்திரத்தின் மேல் ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். கறையைச் சிதைக்கும் நொதிகள் கலந்த என்சைம் கிளீனர்தான் சரி. தெளித்த கையோடு துடைத்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் அதிகம், லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை அது ஈரமாகவே ஊற வேண்டும். பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். கறை மங்கலாக ஒளிரும். விருந்தாளிகள் வந்திருக்கும் நாளில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.