ரசிகர்களிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது

எல்லாருக்கும் வணக்கம். தேசியப் பூங்காக்களின் அழகைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அருவி, பள்ளத்தாக்கு, மான்கூட்டம் என்று வர்ணித்துக்கொண்டே போகலாம். அதையெல்லாம் நீங்களே படங்களில் பார்த்திருப்பீர்கள். நான் யெல்லோஸ்டோனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் அதைப் பூங்காவாக அறிவித்தது 1872-இல். அறிவித்தார்களே தவிர, காவலுக்குப் பணம் ஒதுக்கவில்லை. வேட்டைக்காரன் பிடிபட்டால் வெளியே துரத்தலாம், அவ்வளவுதான். தண்டிக்கச் சட்டம் வந்ததே 1894-இல். 1886 முதல் ராணுவம் காவல் காத்தும், 1902 வாக்கில் அங்கே எஞ்சிய காட்டெருமைகள் இரண்டு டஜன்தான். சரி, வேட்டைக்காரன் வெளிப்படையான எதிரி. அவனைத் தடுக்க வழி உண்டு. அன்போடு வருகிறவரை என்ன செய்வது?

அங்கே ஒரு காலத்தில், விடுதிகளின் எச்சில் குப்பையைக் கரடிகள் கிளறித் தின்பதை வேடிக்கை பார்க்க, வரிசையாக பெஞ்சு போட்டிருந்தார்கள். நிஜமாகவே பெஞ்சு! கரடி மனிதக் கையை நம்பப் பழகியது. மனிதர்கள் காயப்பட்டார்கள், கரடிகள் கொல்லப்பட்டன.

அப்புறம் அங்கே ஒரு வெந்நீர் ஊற்று. பெயர் மார்னிங் குளோரி. வாய் அகன்று உள்ளே குறுகும் நீலப் பூ ஒன்றின் பெயர் அது. ஊற்றும் அதே வடிவம், அதே நீலம். நடுவில் தண்ணீர் மிகுந்த சூட்டில் இருந்ததால், நிறம் தரும் நுண்ணுயிர்கள் அங்கே அண்ட முடியவில்லை. சூடு தணிந்த விளிம்பில் மட்டும் மஞ்சளாகப் படர்ந்திருந்தன.

வந்தவர்கள் அழகில் மயங்கிக் காசு போட்டார்கள். 1950-இல் ஊற்றைப் பொங்கவைத்துத் தண்ணீரை வெளியேற்றினார்கள். காசோடு புட்டிகள், தகர டப்பாக்கள், கைக்குட்டைகள், உள்ளாடைகள்கூட வந்தன. காசு போடுவது வேண்டுதல் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளாடை எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விழுந்தவை வெந்நீர் வரும் துவாரத்தை அடைக்க, மேலே தண்ணீர் ஆறியது. ஆற ஆற, விளிம்பில் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் நடுவை நோக்கி நகர்ந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வானவில் வளையம் கண்ணுக்கு அழகாகவே இருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் ஆசையாகப் படமெடுப்பதும் அதைத்தான்.