ஜார்ஜ் டவுனின் இரவு அடுப்புகள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவும் லவ் லேனும் சந்திக்கும் முனைக்கு அருகே நின்று உங்களுடன் பேசுகிறேன். இங்குள்ள கடைகள் கதவடைக்கும் மாலை நேரத்தில், அவற்றின் முன்னே தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். மடக்கு மேசைகளை விரித்து, விளக்கைப் போட்டு, அடுப்பை மூட்டிவிட்டால் தெருவோரம் முழுவதும் உணவுக்கூடமாகிவிடும்.

மலேசியாவின் இரவுச் சந்தை என்றதும் பலருக்கும் பசார் மாலாம்தான் நினைவுக்கு வரும். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கு இடம்மாறும் அந்தச் சந்தையில் காய்கறி, துணிமணி, கரும்புச் சாறு, வேர்க்கடலையைத் தூவி மடித்துத் தரும் அப்பாம் பாலிக் என எல்லாம் கிடைக்கும். அதுவும் நல்ல அனுபவமே. ஆனாலும் இந்த ஊரின் சமையலை அறிய விரும்புகிறவர்கள் முதலில் வரவேண்டிய இடம், இடம் மாறாமல் இரவுதோறும் அடுப்பு எரியும் இத்தகைய அங்காடிக் கடைகள்தான் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். இங்கே பெரும்பாலும் ஒரு வண்டிக்கு ஓர் உணவுதான். கறி மீ எனும் குழம்பு நூடுல்ஸ் விற்பவர் அதை மட்டுமே விற்பார். இறைச்சிக் கொழுக்கட்டை சேர்ந்த வான்தான் மீ நூடுல்ஸ் வேண்டுமானால் நீங்கள் அடுத்த வண்டிக்குத்தான் செல்ல வேண்டும். ஒரே உணவை நாள்தோறும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் கையில் வரும் பக்குவம், நீளமான பட்டியல் வைத்திருக்கும் உணவகங்களில் எளிதில் வாய்ப்பதில்லை. உணவு கேட்கும் முறையும் சற்று வேறானது. முதலில் மேசையைப் பிடித்துவிட்டு, வண்டிக்காரரிடம் சென்று வேண்டியதைக் கேட்டு, எந்த மேசை என்று காட்டிவிட்டு வர வேண்டும். தட்டு வரும்போது பணம் கொடுத்தால் போதும். பல இடங்களில் மேசை நாற்காலிகள் பானம் விற்பவருக்குச் சொந்தமானவை என்பதால், அவரிடம் ஒரு கோப்பியோ பார்லித் தண்ணீரோ வாங்குவதுதான் முறை.

இப்போது சார் கொய்த்தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ் வண்டிக்கு அருகே கேமராவைக் கொண்டு செல்கிறேன். சட்டி நன்றாகக் காய்ந்து புகையத் தொடங்கிய பிறகே அவர் பூண்டையும் இறாலையும் போடுகிறார். அடுத்து அகலமான அரிசி நூடுல்ஸ், அதன்மேல் சோயா, மிளகாய் விழுது. எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளி, நடுவே முட்டையை உடைத்து ஊற்றி, அது இறுகுவதற்குள் நூடுல்ஸை அதன்மேல் கவிழ்க்கிறார். முளைப்பயறும் பூண்டு மணம் வீசும் குச்சாய்க் கீரையும் சேர்ந்தபின், சிப்பிச் சதை கடைசியாக விழுகிறது. முன்பே போட்டால் அது ரப்பராகிவிடும். ஒரு தட்டு முடிந்த பிறகுதான் அடுத்த தட்டு தொடங்குகிறது. நான்கு தட்டுக்கு உரியதை ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வதங்காமல் வெந்துபோகும், அந்தப் புகை மணமும் வராது. வரிசையில் காத்திருப்பவர்கள் யாரும் முணுமுணுக்காததற்குக் காரணம் இதுதான்.

இத்தெருவில் நமக்கு நெருக்கமான கதையும் உண்டு. ஆங்கிலேயர் 1786இல் இத்தீவில் கால் பதித்த பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் குடியேறிய பகுதி இது. இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் நிறுவப்பட்டது. தோளில் காவடி போலச் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் சுமந்து சென்று, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றவர்களின் உணவுதான் இன்றைய நாசி கண்டார். மீன், கோழி, கணவாய் என ஐந்தாறு குழம்புகளைச் சோற்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். அவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்காதீர்கள். கலந்து வந்தால்தான் அது நாசி கண்டார். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, டோஃபு என்ற சோயாக் கட்டி சேர்த்துப் புரட்டும் மாமாக் மீ கோரெங்கும் அதே தமிழ் முஸ்லிம் சமூகத்தின் கைவண்ணமே.

கர்னி டிரைவ் கடற்கரையில் உள்ள அங்காடி வளாகத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். குடும்பத்தோடு முதன்முறையாக வருகிறவர்களுக்கு அது வசதியான இடம். பொரித்த வடைகளையும் காய்கறிகளையும் இனிப்புக் காரச் சாற்றில் கலந்து தரும் பசெம்போர், கானாங்கெளுத்தி மீனைப் புளியில் கொதிக்கவைத்துச் செய்யும் அசாம் லக்சா நூடுல்ஸ் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். நான் மட்டும் இந்தத் தெருவையே தேர்ந்தெடுப்பேன்.

என்னைக் கவலைகொள்ளச் செய்யும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுப்படியில் நிற்பவர்களில் பலர் முதியவர்கள். இவ்வூர்ச் சமையலின் தன்மை மாறிவிடக் கூடாது என்பதற்காக, அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையற்காரராக இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் பினாங்கில் நடைமுறைக்கு வந்தது. அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆயினும் இரவு முழுவதும் அனலில் நின்று உழைப்பதற்கு ஏற்ற வருமானமும் மதிப்பும் கிடைத்தால்தான் உள்ளூர் இளைஞர்கள் இந்தக் கரண்டியைக் கையில் எடுப்பார்கள். விதியால் மட்டும் ஒரு சமையற்காரர் உருவாகிவிட மாட்டார். ஆகவே ஒரு தட்டின் விலை ஓரிரு ரிங்கிட் கூடிவிட்டது என்று இவர்களிடம் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

சைவ உணவு உண்பவர்கள் கவனிக்கவும்: காய்கறி மட்டுமே தெரியும் தட்டிலும் இறால் விழுதோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம், கேட்டு உறுதி செய்த பிறகே வாங்குங்கள். முஸ்லிம் நேயர்களும் அவ்வாறே கேட்டுக்கொள்வது நல்லது. வண்டிக்கு வண்டி விடுமுறை நாள் மாறும் என்பதால், ஒரே கடையை நம்பி வராமல் இரண்டு மூன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை ரொக்கமும் கையில் இருக்கட்டும். அடுத்ததாகக் கிம்பர்லி தெருவுக்கு நடக்கிறேன். வாத்துச் சாற்றில் அரிசி மாவுத் துண்டுகளைப் போட்டுத் தரும் குவே சாப் தீர்ந்துபோவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.