கரும்பும் கம்பும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மாரியம்மன் ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, மழையையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். சட்டமன்ற உறுப்பினர் ஈப்போவில் ஒரு கூட்டத்தை முடித்த கையோடு நேராக நம் சுங்கை சிப்புட்டுக்கு வந்து கடைசிவரை இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்குத் தனி நன்றி. நாற்காலி கொடுத்த ஆலயத்துக்கும், மைக் கட்டிய தம்பிகளுக்கும், இன்னும் அடுப்படியில் நிற்கும் அக்காமார்களுக்கும் நன்றி.

தமிழில் அறிவியல் சொல்ல முடியாது என்கிறார்களே, சொல்லிக் காட்ட இன்று மூன்று விஷயம். மரபணுவின் நகல் எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது, நோயில் அது எப்படிக் கெடுகிறது, அந்த ஒட்டுதலையே மாற்ற என்ன மருந்து வந்திருக்கிறது.

மரபணுவில் எழுதியிருப்பதை உயிரணு அப்படியே பயன்படுத்துவதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுக்கும், அதில் வேண்டாத துண்டுகளை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டும், ஒட்டிய நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யும். இதை 1977-இல் கண்டுபிடித்த ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் பிலிப் ஷார்ப்புக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்தத் துண்டை வைப்பது, எதை விடுவது என்பது மாறும், அதனால்தான் நம்மிடம் இருக்கும் சுமார் 20,000 மரபணுக்களிலிருந்து அதைவிட எத்தனையோ மடங்கு புரதம் வருகிறது. 'கரும்பு' என்று எழுதுங்கள். 'ரு'வை எடுங்கள். கம்பு! ஒன்று இனிக்கும், ஒன்று அடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

1990-இல் அடையாளம் கண்ட டபிள்யூ.டி.1 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது இதன் புரதம்தான் மற்ற மரபணுக்களை வேலைக்கு எழுப்புகிறது, தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி ஆள் பிரித்து அனுப்புவதுபோல. நகலை வெட்டி ஒட்டும் விதத்தைப் பொறுத்து, அந்தப் புரதத்தில் ஓரிடத்தில் லைசின், த்ரியோனின், செரின் என்று மூன்றே அமினோ அமிலம், அதாவது புரதம் கோக்கும் மணிகள், சேரும், அல்லது விடுபடும். விடுபட்ட வடிவம், மரபணு எழுதியிருக்கும் டி.என்.ஏ.வை இறுகப் பிடித்து வேலை வாங்கும். சேர்ந்த வடிவம் ஆர்.என்.ஏ. பக்கம் போகும். இரண்டும் சரியான அளவில் வேண்டும். அளவு தப்பினால் ஃப்ரேசியர் நோய் வந்து சிறுநீரகம் பழுதாகிவிடும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? என் அப்பா ரப்பர் பால்வெட்டுக் கத்தி தீட்டும்போதெல்லாம் சொல்வார். கருவில் வேலையை முடித்துவிட்டுப் பெரும்பாலான உறுப்புகளில் அடங்கிக் கிடக்க வேண்டிய இந்த மரபணு, ஐம்பது வயதுக்காரரின் ரத்தப் புற்றுநோயில் மறுபடி எழுந்து நிற்கிறது, சிலரிடம் அதன் வடிவங்களின் அளவும் மாறிக் கிடக்கிறது. குழந்தையிடம் கதை தலைகீழ். இதே மரபணு பழுதானால் சிறுநீரகத்தில் கட்டி வரலாம். மேக்ஸ் வில்ம்ஸ் 1899-இல் விரிவாக எழுதியதால் அதற்கு வில்ம்ஸ் கட்டி என்று பெயர். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும்.

எங்கள் தோட்டத்து லயத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சனிக்கிழமை அவன் அப்பாயி எண்ணெய் தேய்க்கும்போது இடப்பக்க வயிறு கல்லு மாதிரி இருக்கிறதே என்றார். தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர் பூச்சி மருந்து கொடுத்தார். அடுத்த சனிக்கிழமையும் கல்லு. ஊரே வந்து அமுக்கிப் பார்த்தது, என் அம்மாவும் பார்த்தார், நானும் பார்த்தேன், அப்படி அமுக்கவே கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கோயிலில் கயிறு கட்டினார்கள். கடைசியில் அவன் அப்பா தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று அட்வான்ஸ் வாங்கி, வாடகைக் காரில் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள், முழுக்க ஆங்கிலம். லயத்தில் படித்த பையன் நான்தான், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். 'தம்பி, படிச்சு சொல்லுப்பா' என்றார். எழுத்துக் கூட்டி வாசித்தேன், 'நெஃப்ரோபிளாஸ்டோமா'. 'அப்படின்னா?' என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பையன் பிழைத்துக்கொண்டான், இன்று லாரி ஓட்டுகிறான், ஆனால் அந்த அப்பா தன் பிள்ளைக்கு வந்தது இன்னதென்று தெரியாமலே செத்தார். 'சிறுநீரகத்தில் கட்டி' என்று இரண்டு வார்த்தை தமிழில் போதும். அதைச் சொல்ல என்னிடம் தமிழும் இல்லை, அறிவியலும் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று மலேசியா முழுக்க 500-க்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கிறது. 2003-இல் அரசாங்கத்தில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், பிறகு தமிழுக்கே திரும்பினார்கள். 2016-இல் அந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்று இருமொழித் திட்டமாக மறுபடி வந்தது. தமிழில் அறிவியல் சொல்ல முடியாது என்கிறார்கள். இவ்வளவு நேரம் நான் என்ன சொன்னேன்? பின்வரிசையில் இருக்கும் அம்மாவுக்குக் கரும்பும் கம்பும் புரியவில்லையா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஏழு வயதில் தாய்மொழியில் மரபணு கேட்ட பிள்ளை, பிறகு ஆங்கிலத்திலும் மலாயிலும் அதை எளிதாகப் பிடித்துக்கொள்வான்.

மருந்தும் வந்திருக்கிறது. நுசினெர்சென் என்ற மருந்து, ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் விதத்தையே மாற்றி, தண்டுவட நரம்பு கெட்டுத் தசை மெலியும் நோய் வந்த குழந்தைகளைக் காக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இருமொழித் திட்டத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அறிவியலைத் தமிழில்தான் நடத்த வேண்டும் என்ற கோரிக்கைக் கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது. மாண்புமிகு அவர்கள் கிளம்புவதற்குள் நிரப்பிக் கொடுங்கள், நேரில் அவர் கையில் ஒப்படைத்துவிடலாம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.