வலிப்பு மருந்துக்கு அடங்காதபோது

வணக்கம் நேயர்களே. ஃபிட்ஸுக்குச் சாப்பாட்டிலேயே வைத்தியம் இருக்கிறது என்று உங்கள் வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருந்தால், அது பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நீங்களாக வீட்டில் ஆரம்பித்துவிடக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால் அதைக் கட்டுக்கடங்காத வலிப்பு என்கிறோம், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நிலைமைதான். இவர்களில் பலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கீட்டோஜெனிக் உணவு, அதாவது கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு, கைகொடுக்கிறது.

பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது பழைய அனுபவம். எத்தனை நாள்தான் பட்டினி போட முடியும்? 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி சொன்னார்: மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை ஏற்றினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பு பட்டினியில் இருப்பதுபோல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற எரிபொருளைத் தயாரிக்கும், மூளையும் அதை வைத்தே ஓடும். 1938-ல் வலிப்பை அடக்கும் ஃபெனிடாயின் மாத்திரை வந்ததும் இதைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். மாத்திரை விழுங்குவது சுலபமாயிற்றே!

பிறகு இந்த உணவை மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான லண்டன் ஆய்வில் 145 குழந்தைகள். மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள், இந்த உணவு சாப்பிட்டவர்களில் 38 சதவீதம், சாப்பிடாதவர்களில் 6 சதவீதம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் இரண்டு மருந்துகள் தோற்ற பிறகு இது பெரிய விஷயம்.

வேலை எங்கே என்றால் அடுக்களையில். புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் அதற்கு நான்கு கிராம் கொழுப்பு என்ற கணக்கில் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துச் சமைக்க வேண்டும், கிண்ணத்தில் ஒட்டிய எண்ணெயைக்கூட வழித்து ஊட்ட வேண்டும், ஏனென்றால் அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான். இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரை போதும், கீட்டோன் இறங்கி வலிப்பு திரும்பிவிடலாம். பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் கொஞ்சம் தளர்வான, மாற்றியமைத்த அட்கின்ஸ் என்ற மாவுச்சத்து குறைந்த உணவுமுறை உண்டு.

மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி மந்தம் எல்லாம் வரலாம். கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து, அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதம் பார்த்துப் பலனில்லையென்றால் விட்டுவிடலாம், இருந்தால் பெரும்பாலும் இரண்டு வருடம் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பார்கள். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.