சக்கரத்தில் ஒரு முனகல்

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு சத்தத்தை வாயால் செய்து காட்டுகிறேன், கேளுங்கள். ம்ம்ம்ம்ம்... வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இப்படி. 60-ஐத் தொட்டால் ஊஊம்ம்ம்... 80-க்குப் போனால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கும். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் அதே வரிசையில் இறங்கி அடங்கிவிடும்.

பழைய வண்டி ஓட்டுகிறவர்களில் பலருக்கு இது பழக்கப்பட்ட சத்தம், சக்கரத்துக்குள் இருக்கிற வீல் பேரிங் கெட்டால் வருவது. பழக்கப்பட்டது என்பதுதான் தொல்லையே. வீல் பேரிங் ஒரே நாளில் கத்தத் தொடங்குவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். தினமும் ஓட்டுகிறவருடைய காது அதோடு சேர்ந்தே பழகிவிடும். வெகுநாள் கழித்து வண்டியில் ஏறுகிற ஒருவர்தான், "என்னங்க, விமானம் கிளம்புற மாதிரி இரையுது?" என்று கேட்பார். அப்படி யாராவது கேட்டால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

நான் பட்டறை வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு கார் வந்தது. ஓட்டிப் பார்த்தேன், முன்பக்கம் இடது சக்கரத்தில் இரைச்சல் என்று தோன்றியது. தோன்றியதுதான், உறுதி செய்யவில்லை. கழற்றி, புது பேரிங் போட்டு, மறுபடி ஓட்டினால் சத்தம் துளிகூடக் குறையவில்லை. கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். உருளைகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன. அப்புறம்தான் பின் டயரைத் தடவிப் பார்த்தேன். ரம்பப் பல் போல மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. நல்ல பேரிங்கைப் பிடுங்கிப் போட்ட அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் எங்கே போனாலும் இதைச் சொல்கிறேன்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னாலேயே, காதாலும் கையாலும் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு கழற்றுங்கள்.

பேரிங் என்பது என்ன? சுழலுகிற சக்கரத்துக்கும் சுழலாத அச்சுக்கும் நடுவே எஃகுக் குண்டுகளையோ உருளைகளையோ வைத்து, உரசலை உருளலாக மாற்றுகிற ஏற்பாடு. யோசனை பழையது. குதிரை வண்டியின் அச்சுக்கே குண்டு பேரிங் போடலாம் என்று பிரிட்டனில் 1794-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பழைய கார்களின் முன்சக்கரத்தில் நாம் பார்க்கிற, ஒரு முனை சிறுத்த உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்குக்கு அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்றார். அவரும் குதிரை வண்டி செய்கிற தொழிலில் இருந்தவர்தான். வண்டி திரும்பும்போது பாரம் மேலிருந்து மட்டும் வராது, பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் சேர்த்துத் தாங்கத்தான் அந்தச் சரிவு.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலை வேண்டும். இரைச்சல் தெளிவாகக் கேட்கிற ஒரு வேகத்தில் போங்கள். அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றுங்கள். எஞ்சின் சுற்று மாறும், சக்கரத்தின் சுற்று மாறாது. சத்தம் மாறாமல் இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். கிளட்சை மிதித்துச் சற்றுத் தூரம் உருளவிட்டும் பார்க்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு குரல், விடும்போது வேறு குரல் என்றால், எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தருகிற டிஃபரன்ஷியல் பக்கம் சந்தேகப்பட வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் டக் டக் டக் என்று வந்தால், அது முன்சக்கர இழுவை வண்டியின் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. பிரேக்கைத் தொட்டதும் மாறுகிற சத்தம் பெரும்பாலும் பிரேக்குடையது.

ஏமாற்றுவது டயர்தான். என்னை ஏமாற்றியதும் அதுவே. இதற்கு ஒரு வழி இருக்கிறது. கரடுமுரடான சாலையிலிருந்து வழவழப்பான புதுச் சாலைக்கு வண்டி ஏறும்போது காதைக் கொடுங்கள். டயர் சத்தம் சாலையோடு சேர்ந்து சட்டென்று மாறும். பேரிங்குக்குச் சாலையைப் பற்றிக் கவலை இல்லை, அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர். மாற்றுவதற்கு முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது, இடமா வலமா? பாதுகாப்பான இடத்தில், மிதமான வேகத்தில், ஸ்டியரிங்கை மெதுவாக இடதும் வலதுமாக ஆட்டுங்கள். இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது முனகல் உறுமலாக மாறினால் வலது பேரிங் மேல் சந்தேகம். வலது பக்கம் திரும்பும்போது ஏறினால் இடது. பெரும்பாலும் இது சரியாக வரும், எப்போதும் வரும் என்று சொல்லமாட்டேன். இரட்டை வரிசைக் குண்டு உள்ள பேரிங்கில் உள்வரிசையா வெளிவரிசையா, எது கெட்டது என்பதைப் பொறுத்துத் தலைகீழாகவும் வரலாம். ஆகவே கடைசித் தீர்ப்பு ஜாக்கி மேல்தான்.

சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையையோ தலையையோ உள்ளே விடக்கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

இப்போது சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து, ஒன்றை இழுத்து ஒன்றைத் தள்ளுங்கள். டொக் டொக் என்று ஆட்டம் தெரிகிறதா? இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் அது பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால், சக்கரம் திரும்ப உதவுகிற மூட்டுகளான பால் ஜாயிண்டையோ கிங் பின்னையோ பாருங்கள். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் பிளே, அதாவது ஆட்டம், இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பிகளின் மூட்டு.

ஆட்டமே இல்லாத பேரிங்கும் சத்தம் போடும். அதற்கு நான் அதிகம் நம்புவது விரல் நுனியைத்தான். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள், இன்னொரு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் லேசாக வையுங்கள், பிடிக்க வேண்டாம். நல்ல பேரிங்கில் சுருள் சும்மா இருக்கும். கெட்ட பேரிங்கில் மணலை அரைக்கிற மாதிரி ஒரு நடுக்கம் விரலுக்கு ஏறும். காதுக்குக் கேட்காததுகூட இதில் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு மறுபக்கச் சக்கரத்தையும் அப்படியே சுழற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் சந்தேகம் நிற்காது.

இனிக் கழற்றலாம். டேப்பர் பேரிங் உள்ள பழைய வண்டி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மூடியாக இருக்கிற டஸ்ட் கேப்பைத் தட்டி எடுத்தால், நட்டும், அது கழலாமல் இருக்க அதன் காடியில் செருகிய காட்டர் பின் என்கிற கம்பியும் இருக்கும். சில பழைய வண்டிகளில் இடது பக்க நட்டுக்கு எதிர் மரை இருக்கும், கழலவில்லையே என்று முரட்டுத்தனமாக அழுத்துவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீஸே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் சீல் போய்விட்டது. விரலில் தேய்த்தால் பொடிப்பொடியாக மின்னினால் எஃகு உதிர்கிறது. கழுவித் துடைத்து, உருளைகள் ஓடுகிற வெளி வளையமான கப்பின் உட்பக்கத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தால் நகம் அங்கே தட்டும். உருளைகள் நீலம் பூத்திருந்தால் சூட்டில் வெந்தவை. எதுவும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் புது கிரீஸ் அடைத்து மறுபடி போடலாம். காயவைக்கிறேன் என்று காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழலவிடாதீர்கள், உருளை தெறித்தால் ஆபத்து.

மாற்றுவதென்றால் கப்பையும், உருளைகள் கோத்த உள் வளையமான கோனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது உருளை ஓடினால் அந்தக் குழிகள் புதியதையும் தின்றுவிடும். புது கப்பை, பித்தளைத் தண்டு வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். இங்கேயும் காது வேண்டும். டொக் டொக் என்று இருந்த ஒலி, கப் அடியில் உட்கார்ந்ததும் டிங் என்று இறுகும். அதோடு நிறுத்துங்கள்.

கிரீஸ் வைப்பதை அவசரமாகச் செய்யாதீர்கள். வெளியே பூசினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, சிறுத்த பக்கம் உருளைகளுக்கு இடையே புழு மாதிரி பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் சூடு தாங்குகிற வீல் பேரிங் கிரீஸ். பழையதும் புதியதும் கலக்கக்கூடாது. சீல் கட்டாயம் புதிது.

நட்டை முறுக்குவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆட்டம் போக வேண்டும் என்று இறுக்கிவிட்டால் புது பேரிங் சூடேறிக் கருகும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், உருளைகள் தம் இடத்தில் படியும். அப்புறம் தளர்த்திவிட்டு, விரலால் மட்டும் திருகி, காட்டர் பின் நுழைகிற காடிக்குக் கொண்டுவாருங்கள். காடி பொருந்தவில்லை என்றால் தளர்த்தும் பக்கமே போங்கள். மயிரிழை பிளே இருந்தே ஆக வேண்டும். பல வண்டிகளில் அது ஏறத்தாழ 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டர் பின் எப்போதும் புதிது.

பிரஸ்ஸில் அழுத்திப் போடுகிற மூடிய பேரிங் உள்ள வண்டிகளுக்கு இந்த முறுக்கும் வேலை கிடையாது. அதைப் பிரஸ் இருக்கிற பட்டறையிலேயே செய்யச் சொல்வேன். வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் குண்டுகள் வழியாக அடி இறங்கி, முதல் நாளே முனகத் தொடங்கும். டிரைவ் ஷாஃப்ட் நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்காமல் வண்டியின் பாரத்தை அந்தச் சக்கரத்தில் இறக்காதீர்கள். அந்த நட்டுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, சத்தம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தளர்ந்த பேரிங்கில் டிஸ்க் ஆடி பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும், முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். உருளைகள் உடைந்தால் அச்சே அறுபடும். முற்றினால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகும். உறுமத் தொடங்கிய பேரிங்கோடு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள்.

வேலை முடிந்ததும் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்துங்கள். புறங்கையைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பொறுக்கிற சூடென்றால் மட்டும் தொடுங்கள். வெதுவெதுப்பு இருந்தால் நல்லது. கை வைக்க முடியாத சூடென்றால் நட்டு இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறது. மறுபக்க ஹப்பையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். புது டேப்பர் பேரிங் ஓட ஓடக் கொஞ்சம் படியும். அதனால் சில நூறு கிலோமீட்டர் போன பிறகு இன்னொரு தடவை ஜாக்கி போட்டு, உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.