தங்கத்தைவிடக் கூடுதல் தூரம், ஆனால் ஏழாம் இடம்: யூசெப் ஷ்மித் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "போலந்தின் மும்முறைத் தாண்டுதல் வீரர் யூசெப் ஷ்மித் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 16.85 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோவில் 16.89 மீட்டர் தாண்டியும் ஏழாம் இடமே கிடைத்தது. அவருடைய ஆற்றல் குறைந்துவிட்டதா?"

குறைந்திருந்தால் 33 வயதில் தம்முடைய ஒலிம்பிக் தூரத்தையே கடந்திருக்க மாட்டார். மாறியவை களமும் காற்றும்தான். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வேகமாக ஓடிவந்து தாண்டுகிறவருக்குக் காற்றின் தடையும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதோடு, ஒலிம்பிக் தடகளத்தில் செயற்கைத் தளம் முதன்முதலாகப் போடப்பட்டதும் அங்கேதான். தகுதிச் சுற்றில் இத்தாலியின் ஜென்டீலே 17.10 மீட்டர் தாண்டி ஷ்மித்தின் உலகச் சாதனையை முறியடித்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் அது மேலும் நான்கு முறை உடைந்து, சோவியத் வீரர் சனேயெவின் 17.39 மீட்டரில் போய் நின்றது.

அப்படி முறியடிக்கப்பட்ட சாதனை எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். 1960 ஆகஸ்ட் 5 அன்று, போலந்தின் ஓல்ஷ்டின் நகரில், ஷ்மித் 17.03 மீட்டர் தாண்டினார். பதினேழு மீட்டரை எட்டிய முதல் மனிதர் அவரே. அதற்கு முந்தைய உலகச் சாதனை 16.70 மீட்டர், ஒரே தாண்டலில் 33 சென்டிமீட்டர் கூடிவிட்டது! அந்தத் தாண்டலில் ஹாப் (எழும்பிய காலிலேயே இறங்கும் முதல் கட்டம்) 5.99, ஸ்டெப் (மறு காலில் இறங்கும் இரண்டாம் கட்டம்) 5.02, ஜம்ப் (மணலில் பாய்ந்து இறங்கும் கடைசிக் கட்டம்) 6.02 மீட்டர். ஹாப்பில் மிக உயரமாக எழும்பினால், கீழே இறங்கும்போது காலில் விழும் அடி ஓட்டத்தின் வேகத்தைப் பறித்துக்கொள்ளும். அடுத்த இரண்டு கட்டங்களும் தளர்ந்துவிடும். ஷ்மித்தும் அவருடைய பயிற்சியாளர் ததேவுஷ் ஸ்டாஷின்ஸ்கியும் உயரத்தைக் குறைத்து, ஓடிவந்த வேகத்தைக் கடைசித் தாண்டல் வரை காப்பாற்றிக் கொண்டுபோகும் தட்டையான முறையைக் கையாண்டார்கள். கடைசிக் கட்டம் முதல் கட்டத்தைவிட நீண்டிருப்பதே அதற்குச் சான்று. இன்றும் பயிற்சியாளர்கள் இந்த எண்களை எடுத்துப் படிப்பது பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிலேசியா என்ற பகுதியில், இன்று போலந்தின் பிட்டோம் நகரின் பகுதியாக உள்ள மியெகோவிட்சேயில் 1935-இல் பிறந்தவர் என்பதால் அவரைச் 'சிலேசியக் கங்காரு' என்று அழைத்தார்கள். 1958, 1962 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியப் பட்டம் அவருக்கே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 16.81 மீட்டருடன் முதல் தங்கம் வென்றார்.

ஆயினும் அவருடைய ஆகச் சிறந்த வெற்றி எது என்று கேட்டால், டோக்கியோவையே சொல்வேன். அதே ஆண்டில்தான் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஹாப்பிலும் ஸ்டெப்பிலும் உடலின் முழு எடையும் வேகமும் ஒற்றைக் காலின்மேல் வந்து இறங்கும் விளையாட்டு இது. அந்த முழங்காலோடு வந்தவர் ரோமில் தாம் படைத்த ஒலிம்பிக் சாதனையை 4 சென்டிமீட்டர் முந்தினார். வெள்ளி வென்ற ஃபெதோசெயெவ் 16.58 மீட்டருடன் 27 சென்டிமீட்டர் பின்தங்கினார். 16.70 என்ற பழைய உலகச் சாதனை அந்த ஃபெதோசெயெவுக்கு உரியதுதான்.