ஊர் கூடித் தேர் இழுப்போம்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையிலுள்ள கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற அதிபர் ஐயா எனக்குக் கணிதம் படிப்பித்தவர். அவர் முன்னால் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

தலைவர்களின் பாதுகாப்பு தவறினால் நாடாளுமன்றங்கள் எப்படி விசாரிக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்கிறேன்: யார் விசாரிப்பது, எதைக் கேட்பது, அறிக்கை வந்த பிறகு என்ன செய்வது. நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1997 யூலை 5 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் தங்கத்துரை இதே திருகோணமலையில், பாடசாலை விழாவுக்கு வந்த இடத்தில் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவைப் பாருங்கள். 2024 யூலை 13, பட்லர் என்ற ஊரில் தேர்தல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த ட்ரம்ப் மீது சூடு. அவருக்குக் காதில் காயம். கேட்க வந்தவர்களில் ஒருவர் இறந்தார். பதினொரு நாளில் பிரதிநிதிகள் சபை 416க்கு 0 என்ற வாக்கில் விசாரணைக் குழு அமைத்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார் என் அப்பம்மா. டிசம்பரில் வந்த அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடியது என்றது. தலைவர்களைக் காக்கும் அமெரிக்க இரகசிய சேவைக்கு ஒரு கட்டளை நிலையம், உள்ளூர்ப் பொலிசுக்கு இன்னொன்று. சக பொலிஸ்காரர் தூக்கிவிட, ஒருவர் கூரை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார். கூரையில் இருந்தவனின் துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது. கை விட்டுக் கீழே விழுந்தார். ஆளிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவர் கத்தியது ட்ரம்பின் மெய்க்காவலர் காதுக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை.

எனக்கு இது புதிதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்த் திருவிழாவில் என் மருமகளின் பிள்ளை, நாலு வயது, கூட்டத்தில் தொலைந்துவிட்டாள். நாங்கள் தெற்கு வாசலில் தொண்டர் கூடாரத்தில் நிற்கிறோம். தமிழில் பத்துத் தரம் அறிவித்தார்கள். மருமகள் மண்ணில் இருந்து அழுகிறாள். ஒன்றரை மணித்தியாலம்! பிள்ளை எங்கே? வடக்கு வாசல் பொலிஸ் கூடாரத்தில், ஒரு கையில் சர்பத் கிளாஸ், மற்றக் கையில் ஒற்றைச் செருப்பு. அங்கும் அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள், சிங்களத்தில். பிள்ளையை மடியில் வைத்திருந்த பொலிஸ் தம்பி நல்லவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். ஊர் கூடித் தேரை இழுத்தோம், கூடாரத்தை மட்டும் இரண்டாக்கிவிட்டோம்.

நம் நாடாளுமன்றமும் இதையே கண்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலை, பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையிலான தெரிவுக்குழு விசாரித்தது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பிரதமரோ தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாமல் இருந்தார். தகவல் இருந்தும் தேவாலயங்களில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்று. இந்த மாவட்டத்தில் தேர், கந்தூரி, தேர்தல் கூட்டம் எதுவானாலும் ஒரே கூடாரம், ஒரே ஒலிபெருக்கி; அதில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். தலைவருக்கு வரும் எச்சரிக்கையும் தொலைந்த பிள்ளையின் பெயரும் அதே வழியால்தான் போகும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். முகவரியைத் தெளிவாக எழுதுங்கள்.